விபத்துக்குப் பிறகு மகளை ஏற்கும் அப்பா: 19ஆம் அத்தியாயம் ஏன் ஒட்டவில்லை?

கரைமணல் (கேள்வி)

நாவல் முடியும் தறுவாயில் இருக்கிறது. 32 அத்தியாயம், ஏறத்தாழ 85,000 சொல். படித்துப் பார்த்த நாலு பேரும் ஒரே இடத்தில் கை வைக்கிறார்கள், அதனால் இங்கே வைக்கிறேன்.

மாணிக்கம் படகோட்டி. அவர் ஓட்டிய படகு முகத்துவாரத்தில் கவிழ்கிறது. மூத்தவன் சேகர் போய்விடுகிறான். கூடப் போன இளைய பிள்ளை பிழைக்கிறது. இரண்டு வருடம் கழித்து, 19 வயதில், அந்தப் பிள்ளை "நான் பொண்ணுப்பா, என் பேர் பாரதி" என்கிறது. இது 12ஆம் அத்தியாயம். மாணிக்கம் பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். 18 வரை வீட்டில் ஒரே புகைச்சல். 19இல் பாரதியைச் சிலர் வழிமறித்து அடிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாணிக்கம் உடைந்து அழுது "நீ என் பொண்ணும்மா" என்கிறார். 20இலிருந்து சுமுகம்.

"அழுகை வந்தது, நம்பிக்கை வரவில்லை" என்கிறார்கள். மூன்று கேள்வி. இப்படி அடிபட்ட மனம் நிஜத்தில் எப்படி மாறும்? கதைசொல்லி 18 வரை "அவன்", 19இலிருந்து "அவள்" என்று வைத்திருக்கிறேன், அது சரியா? 15இல் மனநல ஆலோசகர் ஒரே அமர்வில் மாணிக்கத்துக்குப் புரியவைக்க முயல்கிறார், அந்தக் காட்சி தாங்குமா?

இரண்டாம்மூச்சு

19 கிடக்கட்டும், சிக்கல் 12இல் இருக்கிறது. மாணிக்கம் ஏன் மறுக்கிறார்? "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பது எந்த அப்பாவுக்கும் பொருந்துகிற காரணம். இவர் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் விட்டவர். "நான் பொண்ணுப்பா" என்பது இவர் காதில் "இன்னொரு பையனும் போறான்" என்றுதான் விழும். அவருக்குள் அடிப்பது அபாயமணி. மணி அடிக்கும்போது யார் விளக்கிச் சொன்னாலும் ஏறாது.

அந்த மணி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டால் காட்சிகள் தானாகக் கிடைக்கும். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற பாதிப்பை மருத்துவம் நான்கு கொத்தாகப் பார்க்கிறது: நினைவு அழைக்காமல் வருவது, நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, மனம் மரத்துப் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்வது, ஓயாத உஷார். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைக் கோளாறு என்று சொல்வார்கள். உங்கள் கதையில் இரண்டு வருடம் ஓடிவிட்டது, அதனால் இவை இப்போது அவருடைய குணம்போலவே ஆகியிருக்கும். தாழ்ப்பாளை ராத்திரியில் மூன்று தடவை பார்ப்பார். பிள்ளை பத்து நிமிடம் தாமதித்தால் தெருமுனையில் நிற்பார். முதல் சண்டை கூந்தலுக்காகவோ உடைக்காகவோ வராது, "இந்நேரத்துல எங்க போற" என்றுதான் வரும். பாலினத்தை எதிர்ப்பதும் பிள்ளையைக் காப்பதும் அவருக்குள் ஒரே முடிச்சாக இருக்கும். அதை அவிழ்க்காமல் ஏற்பு வராது.

நினைவு வரும் காட்சிகளை 8லும் 14லும் சினிமாச் சுருள்போல முழுசாக ஓடவிட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். உடம்புதான் முந்தும். ஈரத் தார்ப்பாய் வாடை, பெட்ரோல் வாடை, வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், இவற்றில் ஒன்று போதும். விரல் எதையோ இறுகப் பிடிக்கும், வாய் உலரும், ஏனென்று அவருக்கே தெரியாது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீள்வதை மூன்று கட்டமாகச் சொன்னார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படுவது, உறவுகளோடு மறுபடி சேர்வது. முன்னும் பின்னும் போய்வரும், படிக்கட்டுபோல ஏறாது. உங்கள் கதைச்சுருக்கத்தில் மாணிக்கம் நேராக மூன்றாவதுக்குத் தாவுகிறார். சேகருக்காக அவர் எங்கே அழுகிறார்? படகில் நடந்ததை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்கிறாரா? அந்த அத்தியாயம் இல்லாமல் பாரதியோடு சேரும் அத்தியாயம் நிற்காது.

இன்னொன்று, குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் சொன்ன தெளிவற்ற இழப்பு. ஆள் காணாமல் போய் நினைவில் மட்டும் இருப்பது ஒரு வகை. ஆள் கண்முன்னே இருந்தும் கை நழுவியதுபோல் தோன்றுவது இன்னொரு வகை. சேகர் விஷயத்தில் உடல் கிடைத்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் மாணிக்கம் இரண்டு வகையையும் ஒரே வீட்டில் சுமக்கிறார். ஆனால் 'மகனை இழந்தேன்' என்பது மாணிக்கத்தின் உணர்வு மட்டுமே. நாவல் அதற்குத் தலையாட்டக் கூடாது. பாரதி உயிரோடு எதிரில் நிற்கிறாள்.

ஆலோசகர் காட்சி தாங்காது. அதிர்ச்சியை மையமாக வைக்கும் நடத்தைச் சிகிச்சைக்கு வழக்கமாக 8 முதல் 12 அமர்வு ஆகும். முதல் ஓரிரண்டில் தூக்கம், பதற்றம், மூச்சு, இவற்றைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். கதை நடக்கும் ஆண்டையும் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயரை எடுத்துவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், இதை மனநோய்ப் பகுதியிலிருந்தே வெளியே கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் ஆலோசகர் "சரியாக்கிடலாம்" என்று பேசினால் அவர் தொழில் தெரியாதவர். அப்படி ஒரு பாத்திரம் வேண்டும் என்றால் வையுங்கள், தெரிந்து வையுங்கள்.

என் யோசனை: மகளைச் 'சரிசெய்ய' கூட்டிப்போனவரிடம் ஆலோசகர் கேட்கட்டும், "நீங்க கடைசியா எப்ப முழுசா தூங்கினீங்க?"

கடைசியாக ஒரு பெரிய ஆபத்து. விபத்து, இரண்டு வருடம், பிறகு "நான் பொண்ணு" என்ற வரிசையில் வைத்தால், விபத்தால்தான் இப்படி ஆனாள் என்று வாசகர் முடிச்சுப் போட்டுவிடுவார். கதையில் அடுத்தடுத்து வருவதெல்லாம் காரணமும் விளைவுமாகத்தான் தெரியும். 1 முதல் 5க்குள், விபத்துக்கு முன்பே, இரண்டு மூன்று சிறு தடயம் விதைத்துவிடுங்கள். கண்ணாடி முன் பொட்டு வைக்கும் காட்சி மட்டும் வேண்டாம், அது தேய்ந்துபோனது.

ஒற்றுமிகும்

அவன், அவள் பற்றிய கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இந்த நாவலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. தமிழில் ஆண்பாலா பெண்பாலா என்பதைப் பெயரில் ஒளித்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். வந்தான், வருகிறாள், போவான். பக்கத்துக்கு இருபது தடவை கதைசொல்லி தன் கட்சி எதுவென்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். 18 வரை "அவன்" என்று எழுதினால் 18 அத்தியாயம் நாவல் மாணிக்கத்தின் கட்சியில் இருக்கிறது. பிறகு "அவள்" என்று மாறினால் அப்பா ஒப்புக்கொண்டதால் அவள் பெண்ணானாள் என்று பொருள்.

எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. முதலாவது, கதைசொல்லி முதல் வரியிலிருந்தே "அவள்". மாணிக்கத்தின் பேச்சில் மட்டும் "அவன்". இந்த உரசல் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும், 12 வரும்வரை வாசகருக்குச் சிறு குழப்பமும் இருக்கும். இருக்கட்டும். இரண்டாவது, பாரதி வரும் பகுதிகளைத் தன்மையில் எழுதுவது. நான் வந்தேன், நான் போனேன், பாலே இல்லை. மூன்றாவது கொஞ்சம் கைவேலை, ஆனால் உங்கள் கதைக்கு இதுதான் பொருத்தம்: மாணிக்கத்தின் பார்வையில் நின்று, அவர் தடுமாறும் காலத்தில் மொழியும் பாலைத் தவிர்க்கட்டும்.

உங்கள் கேள்வியையே பாருங்கள். "இளைய பிள்ளை பிழைக்கிறது", "அந்தப் பிள்ளை என்கிறது". ஆணா பெண்ணா என்று சொல்லாமல் லாவகமாக நழுவியிருக்கிறீர்கள். மாணிக்கமும் அப்படித்தான் நழுவுவார்.

நழுவுவதற்குத் தமிழ் நிறையவே இடம் தருகிறது. வினையெச்சத்தில் பாலில்லை (வந்து, போய்), பெயரெச்சத்தில் இல்லை (வந்த, போன). 'இல்லை' போட்ட மறுப்பிலும் இல்லை: அவன் வரவில்லை, அவள் வரவில்லை, இரண்டும் ஒன்றே. வரமாட்டான், வரமாட்டாள் என்றால் மாட்டிக்கொள்வோம். வேண்டும், தெரியும், பிடிக்கும், முடியாது எல்லாமே பாதுகாப்பு. ஆக, நடுவே நாலைந்து அத்தியாயம் மாணிக்கம் பெரும்பாலும் இல்லை, இல்லை என்றே பேசுவார். "இன்னும் வரல." "சாப்பிடல." "தூங்கல போல." எரிந்து விழுகிற மனுஷன் என்றுதான் முதல் வாசிப்பில் படும். இரண்டாம் வாசிப்பில்தான் அவர் அவனையும் அவளையும் தவிர்க்கிறார் என்று பிடிபடும்.

நேரில் பேசும்போது இன்னும் நுட்பம். "சாப்பிட்டியாடா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கத் தொடங்குவார். அதில் டாவும் இல்லை, நீயும் இல்லை. இந்த ஆச்சு வடிவத்தை 13இல் கொண்டுவந்து 21 வரை ஓட்டுங்கள். பிறகு ஒருநாள் "சாப்பிட்டியாம்மா". அதை யாரும் கவனித்ததாக எழுதாதீர்கள். அடுத்தவரிடம் சொல்லும்போதும் இதே நகர்வுதான்: "பையன்", அப்புறம் "புள்ள", அப்புறம் "பொண்ணு". நடுவில் உள்ள "புள்ள" நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி. பல வீடுகளில் மகளையும் "வாடா", "செல்லம் டா" என்றுதான் கொஞ்சுவார்கள். மாணிக்கம் அந்த ரகம் என்றால் டாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முன்பே ஒரு பெண்குழந்தையை அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று இரண்டாம் அத்தியாயத்தில் காட்டிவிட்டால் வாசகருக்கு அளவுகோல் கிடைக்கும்.

"அது" இன்னும் ஆபத்து. அந்நியன் வாயில் "அது வருது பாரு" என்றால் ஆளைப் பொருளாக்கும் வசவு. பாட்டி வாயில் "அது தூங்குது, எழுப்பாத" என்றால் பாசம். பாட்டி எல்லாப் பேரப்பிள்ளைகளையும் "அது" என்பவர் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், அவருடைய பாசத்தை வாசகர் வசவு என்று படித்துவிடுவார்.

கடைசியாக, திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனப்பட்டு ஆணாக வாழ்பவர்), திருநர் போன்ற சொற்களைக் கதைசொல்லி தெரிந்திருக்கலாம், மாணிக்கத்துக்கு எடுத்தவுடன் வாயில் வராது. பாரதியும் தன்னை வீட்டுக்குள் "பொண்ணு" என்றே சொல்வாள், யார் அம்மாவிடம் கலைச்சொல்லில் பேசுகிறார்கள்?

செம்பருத்தி

ஆஸ்பத்திரிக் காட்சியை எடுத்துவிடுங்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன், இது நூறு கதையில் வந்த பொறி. ஒரு திருநங்கை அடிபடுவாள் அல்லது சாவாள், அதைப் பார்த்து வீட்டார் திருந்துவார்கள். அவளுடைய ரத்தத்தைக் கொடுத்து ஏற்பை வாங்குகிறீர்கள். அடித்தவர்கள்தான் கதையை முன்னே தள்ளினார்கள் என்றும் ஆகிறது. மாணிக்கம் விஷயத்தில் வேறொரு பிழையும் சேர்கிறது: கட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து அவருக்கு வருவது படகின் பயம். பயத்தில் சொல்லும் "என் பொண்ணு" என்பது சத்தியம் செய்து உயிரை மீட்கப் பார்க்கிற வேண்டுதல். காயம் ஆறியதும் பழைய அப்பா திரும்பி வருவார். 20இலிருந்து சுமுகம் என்றதும் வாசகர் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

வேறு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. படகில் பாரதியும் இருந்தாள்! அண்ணனை இழந்தவள், தானும் தண்ணீரில் தத்தளித்தவள். உங்கள் சுருக்கத்தில் அதிர்ச்சி முழுக்க அப்பாவுக்கே, அவளுக்குப் பாலினம் மட்டும்தான் பங்கு. சேகருக்கு அவள் யாரென்று தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் கடலோடு போய்விட்டான். இது ஒன்றே அரை நாவலுக்கு ஆகும். மாணிக்கம் இல்லாமல் பாரதி மட்டும் இருக்கும் காட்சிகளை எண்ணிப் பாருங்கள். 32 அத்தியாயத்தில் ஐந்துகூட தேறாவிட்டால் அவள் பாத்திரமாக நிற்கவில்லை, அப்பாவுக்குப் பாடம் எடுக்க வந்தவள். அவளுக்கு அப்பா சம்பந்தப்படாத ஓர் ஆசை, ஒரு எரிச்சல், ஒரு மட்டமான பழக்கம் கொடுங்கள். அவள் எப்போதும் பொறுமையாக விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சில நாள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

உடல் பற்றி எழுதுகிறவர்கள் தவறு விடும் இடங்கள். ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) எடுத்தால் குரல் மெலியாது. உடைந்த குரல் உடைந்ததுதான், பயிற்சியால்தான் மாறும், அதற்கு மாதக்கணக்கில் தினசரி உழைப்பு வேண்டும். முகத்தில் ஏற்கெனவே வந்த முடி மருந்தால் போகாது, லேசரோ மின்முறையோ பல அமர்வு வேண்டும். மார்பு வளர்ச்சி 3 முதல் 6 மாதத்தில் தொடங்கி முழுமையாக இரண்டு மூன்று வருடம் ஆகும். கதையில் மருந்து தொடங்கி ஆறு வாரத்தில் அப்பா குரலைக் கேட்டு அடையாளம் தெரியாமல் நிற்கிறார் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எடுக்கும் திருநம்பிக்குத்தான் குரல் முதல் வருடத்துக்குள் தடிக்கத் தொடங்கும், மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. பாரதி மருந்தே எடுக்காமலும் இருக்கலாம், அதனால் அவள் பெண் என்பது குறையாது. மாணிக்கம் அதைக் கேள்வியாகக் கேட்டால் கேட்கட்டும், நாவல் கேட்கக் கூடாது.

பழைய பெயரை வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. "அவர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்" என்றால் போதும். உங்கள் கேள்வியிலேயே சொல்லவில்லை, நல்ல கை. சுவரில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் படம் இருக்குமே, அதை என்ன செய்வது? மாணிக்கத்துக்கு அது சேகரின் கடைசிப் படம். பாரதிக்கு அதில் நிற்பது யாரோ. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்ற பேச்சில் இருவருடைய துக்கமும் ஒரே ஆணியில் தொங்குகிறது. உங்கள் கட்டில் காட்சியைவிட இது கனமானது.

கத்தரிக்கோல்

செம்பருத்தி சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அடிதடி நடக்கவே கூடாது என்று இல்லை, உலகம் அப்படித்தான் இருக்கிறது. அதைத் திருப்புமுனையாக வைக்காதீர்கள், அவ்வளவுதான். 14இல் நடந்து, அதன் விளைவாக மாணிக்கம் இன்னும் இறுகினால் அது உண்மையாக இருக்கும்.

இனி அமைப்பு. ஏற்பை வசனத்தில் காட்டினால் ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும், வேலையில் காட்டினால் பத்து அத்தியாயம் தாங்கும். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன தொடர்புக் கோட்பாட்டை எழுத்தாளர்கள் தாராளமாகக் கடன் வாங்கலாம். இரண்டு தரப்பு பழகினால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சமநிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, பெரியவர்களின் அல்லது அமைப்பின் ஆதரவு, இவை இருந்தால்தான் குறையும் வாய்ப்பு அதிகம். சாப்பாட்டு மேசைப் பேச்சில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை: அப்பா கேட்பவர், மகள் பதில் சொல்பவள். ஆகவே அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

உங்களிடம் படகு இருக்கிறது. விபத்தில் மூழ்கிய எஞ்சின் என்ன ஆயிற்று? உப்புத் தண்ணீரில் மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே போன நீரை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். தாமதித்தால் காற்றுப் பட்டதும் துரு பிடித்துவிடும். சாவு விழுந்த வீட்டில் அதை யார் செய்திருப்பார்கள்? தார்ப்பாய் போட்டு மூடி இரண்டு வருடம். இரண்டாம்மூச்சு சொன்ன ஈரத் தார்ப்பாய் வாடை இங்கேயே கிடைக்கிறது பாருங்கள்.

பாரதி அதைத் திறக்கட்டும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். பிளக் துளை வழியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, ஃப்ளைவீலைக் (எஞ்சினைச் சுழற்றும் கனமான சக்கரத்தை) கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்க்க வேண்டும். பலம் போட்டுத் திருப்பினால் உடையும். மாணிக்கம் முதல் நாள் பார்க்காமல் போவார். மூன்றாம் நாள் "அந்த ஸ்பேனர் இதுக்கு ஆகாது" என்று தூரத்திலிருந்து சொல்வார். ஐந்தாம் நாள் சரியான ஸ்பேனர் தார்ப்பாய்மேல் இருக்கும்.

தயவுசெய்து அந்த எஞ்சினைக் கிளப்பிவிடாதீர்கள். இரண்டு வருடம் உப்போடு கிடந்தது அநேகமாகக் கிளம்பாது. கிளம்பினால் வாசகர் அதை உருவகம் என்று புரிந்துகொண்டு சலித்துக்கொள்வார். தேறுகிற பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய எஞ்சின் ஒன்று வாங்கி, அதற்கு வேலை பார்க்கட்டும். வெகுநாள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) விறைத்து இதழ் மடங்கியே நின்றுவிடும், மாற்றியாக வேண்டும். மாற்றியதும் பக்கத்துத் துளையில் நீர்த்தாரை பீய்ச்சினால் பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். இருவரும் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் தாரையை, ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. பேசக் கூச்சப்படும் ஆட்களுக்கு இது பெரிய வசதி.

அடுத்து சறுக்கல். 23 அல்லது 24இல் ஒரு பெரிய சறுக்கல் இருக்கட்டும். ஈரப் பலகையில் பாரதி வழுக்குகிறாள், மாணிக்கம் அலறுகிறார். அலறும் பெயர் "பாரதி" இல்லை, அவளுடைய பழைய பெயரும் இல்லை. "சேகரு!" பதற்றத்தில் பழகிய பழக்கம்தான் வாயில் வரும், அதில் வஞ்சகம் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் அளவுகோல். தவறாகக் கூப்பிட்டுவிட்டால் திருத்திக்கொண்டு மூன்று நொடியில் நகர வேண்டும். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு அழுதால், அடிபட்டவளே அவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று நொடி போதாது, ஏனென்றால் கூப்பிட்டது செத்தவன் பெயர். இருவரும் பலகையில் உட்காரட்டும். படகில் நடந்ததை அவர் சொல்லும் இடம் இதுதான்.

கரைமணல்

கட்டில் காட்சியை எடுத்துவிட்டேன், அதோடு 4,000 சொல்லும் போனது. அடிதடியை 14க்கு நகர்த்திவிட்டேன். சேகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், உடல் கிடைக்கவில்லை என்றும். 'அவள்' முதல் வரியிலிருந்தே. மாணிக்கத்தின் பேச்சில் மட்டும் நழுவல்.

அப்படியென்றால் "நீ என் பொண்ணும்மா" என்பதை அவர் எப்போதுதான் அவளிடம் சொல்வது? மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

இரண்டாம்மூச்சு

மன்னிப்பு வேண்டும், ஆனால் குறிப்பான காரியத்துக்கு. "எல்லாத்துக்கும் மன்னிச்சிரு" என்பது காற்று. "அன்னிக்கு நீ சொன்னப்ப செருப்பை மாட்டிட்டுப் போனேன். அது தப்பு" என்பது மன்னிப்பு. பாரதி உடனே "பரவால்லப்பா" என்று சொல்லிவிடக் கூடாது. "ம்" போதும், இரண்டு வாரம் அப்படியே கிடக்கட்டும். ஆண்டு நினைவு நாள் வரும்போது மாணிக்கம் மறுபடி மோசமாவார், தூக்கம் போகும், கத்துவார். அதை ஏற்பு பின்வாங்கியதாகக் காட்டாதீர்கள். அவள் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டேகூட ஒருவர் கத்தலாம்.

கத்தரிக்கோல்

அந்தச் சொல்லை அவள் இல்லாத இடத்தில் முதலில் சொல்லட்டும். எதிரில் சொன்னால் சமாதானத்துக்காக என்று ஆகிவிடும். கேட்க ஆளில்லாதபோது வருவதுதான் பழக்கமாகிவிட்ட சொல். இம்பெல்லர் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போன் செய்கிறாரே, அங்கே.

கரைமணல்

இப்படி எழுதிப் பார்த்தேன்:

*"இம்பெல்லர் இருக்குன்னீங்கள்ல. ஆமா, அதே அளவுதான். என் மகள் பாரதி சாயங்காலம் வருவாள், அவளிடம் கொடுத்தனுப்புங்கள்." மாணிக்கம் போனை வைத்தார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது.*

ஒற்றுமிகும்

முதல் இரண்டு வாக்கியம் பேச்சு, மூன்றாவது மேடை. "மகள் வருவாள், கொடுத்தனுப்புங்கள்" என்று எந்தப் படகோட்டியும் போனில் பேசமாட்டார். பெயரும் வேண்டாம், கடைக்காரருக்கு ஆளைத் தெரிந்தால் போதும். உறைத்தது, கலங்கியது இரண்டையும் வெட்டுங்கள், அவருக்கு உறைக்காமல் போவதுதான் இங்கே அழகு. இம்பெல்லர் மாற்றினால் கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் தகடு) மாற்ற வேண்டும், அதையும் கேட்கட்டும்:

*"இம்பெல்லர் இருக்குன்னீங்கள்ல. ஆமா, அதே அளவுதான். பொண்ணு வருவா நாலரைக்கு மேல, குடுத்துவிடுங்க. கேஸ்கெட்டும் சேத்து வைங்க, போன தடவ மாதிரி கிழிஞ்சது வேணாம்."*